அஞ்சலாட்சிக்குப் போட்ட நாலு துளை

ரோபோ வந்துவிட்டதாம். என் அக்கா மகள் சுதா சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் தியேட்டர் நர்ஸ். பொங்கல் விடுமுறையில், தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கர்ப்பப்பை இறங்கிய பெண்களுக்குச் செய்யும் ஆபரேஷனை இப்போது ரோபோவின் கைதான் செய்கிறது, டாக்டர் ஓரமாக ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, "உங்க காலத்துல கேமராவ யாரு சித்தி புடிச்சது?" என்று கேட்டாள்.

"நாந்தான்" என்றேன்.

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். "கை ஆடாதா?" என்றாள் அவர்களில் ஒருத்தி.

"ஆடும். ஆடுனா திட்டு விழும். திட்டு விழுந்தா இன்னும் ஆடும்."

இப்படித்தான் பேச்சு டாக்டர் குளோத்தில்துக்கும் அஞ்சலாட்சிக்கும் போனது. பேசியதை எழுதிவிடுங்கள் என்று அந்தப் பெண்கள் போகும்போது சொன்னார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை?

நான் நர்ஸான கதையில் சுவாரஸ்யம் ஒன்றுமில்லை. நர்ஸிங் முடித்தேன். பிரசவ வார்டில் சில காலம் கத்தல் கேட்டேன். முதலியார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். வார்டில் அதிகமாகப் பேசுகிறேன் என்று தியேட்டருக்கு மாற்றினார்கள். அங்கே நோயாளி மயக்கத்தில் இருப்பார், இவளுக்குப் பேச ஆள் கிடைக்காது என்று நினைத்திருப்பார்கள். அங்கே டாக்டர் குளோத்தில்து இருக்கிறார் என்பதை மறந்துவிட்டார்கள்.

டாக்டருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து ஓய்வூதியம் வாங்கியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டுப் பெண் என்பதால் டாக்டருக்குக் கோபம் தமிழில் வரும், பாசம் பிரெஞ்சில் வரும். பாசம் குறைவு என்பதால் எங்களுக்கு அதிகம் பிரெஞ்சு கற்றுக்கொள்ள வாய்ப்பில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எல்லோருக்கும் தெரியும்: 'துஸ்மான்'. மெதுவாக என்று அர்த்தம். மயக்க டாக்டர் சம்பந்தம் இந்திப் படம் விடாமல் பார்ப்பவர்; அவர் காதில் அது எதிரி என்கிற இந்தி வார்த்தையாக விழும். "யாரும்மா துஷ்மன்? யாரு மேல இத்தினி கோவம்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் சிரிப்பவர் அவர் ஒருவர்தான்.

குளோத்தில்து என்ற பெயர் நோயாளிகள் வாயில் நுழையாது. 'கிளாக்கு டாக்டர்' என்பார்கள். டாக்டர் காதில் அது விழாதது மாதிரி இருந்துவிடுவார்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. சாதாரண நாளில் எல்லோரையும் நீ, வா, போ என்றுதான் கூப்பிடுவார். சம்பந்தம் டாக்டர் அவரோடு கூடப் படித்தவர்; அவரையே "என்னா, தூங்கறியா?" என்பார். நானோ "ஏ ராஜி, கேமராவ ஆட்டாத, இது என்ன கட்டுமரமா?" என்று வாங்கிக்கொண்டே இருப்பேன். ஆனால் உள்ளே ஏதாவது சிக்கல் என்றால் குரல் இறங்கிவிடும். மரியாதை வந்துவிடும். தரை துடைப்பவரைக்கூட வாங்க என்பார். அதனால் அவர் கத்துகிற வரைக்கும் எங்களுக்கு நிம்மதி.

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் எங்கள் தியேட்டருக்குக் கேமரா வந்தது. அதற்கு முன்பு அடி இறக்கம் என்று சொல்லும் இந்தக் கர்ப்பப்பை இறக்கத்துக்குக் கீழ்வழியாகக் கர்ப்பப்பையை எடுத்துவிடுவோம், இல்லாவிட்டால் வயிற்றைத் திறப்போம். வயசானவர்களுக்கு ரப்பர் வளையத்தை உள்ளே வைத்து, இறங்காமல் தாங்கவிடுவோம். கர்ப்பப்பையைப் பிடித்திருக்கும் நார்கள் பிரசவத்திலும் பாரம் தூக்குவதிலும் தளர்ந்துபோய்விடும். அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, முற்றிப்போனால் வெளியே வந்தே நிற்கும். வருகிற பெண்கள் எல்லோரும் முற்றிப்போன பிறகுதான் வருவார்கள். அதுவும் முதுகு வலி என்று சொல்லிக்கொண்டு வருவார்கள்.

டாக்டர் வெளியூர் போய் இந்தப் புது முறையைப் பார்த்துவிட்டு வந்தார். கர்ப்பப்பையை எடுக்காமலே, வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டு, வலைத் துண்டு ஒன்றை வைத்து அதைத் தூக்கிக் கட்டுவது. வந்ததிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. வீட்டில் ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டு, உள்ளே தோல் உரிக்காத கோழிக்காலை வைத்து, நீளக் கம்பிக் கருவிகளால் தையல் போட்டுப் பழகினார். பெட்டிக்குள் டார்ச் அடிப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிட்டு அனுப்புவார். தையல் சரியாக விழுந்த அன்று அந்தக் கோழிக்காலைக் குழம்பு வைத்துவிடலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "அது என் பேஷண்டு" என்றார்.

அஞ்சலாட்சி அவர் வீட்டுக்கு மீன் கொடுத்தவள். கடலோரக் குப்பத்திலிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பாள். நாற்பது வயது இருக்கும். மூன்று பிள்ளைகள். டாக்டருக்கும் அவளுக்கும் தினம் சண்டை. வஞ்சிரத்தைப் பார்த்து இது நேற்றைய மீன் என்பார் டாக்டர். "நேத்து நீங்க பொறந்தீங்களா, மீனு பொறந்துச்சா?" என்பாள் இவள். ஒரு நாள் கூடையை இறக்கும்போது, ஒரு கையால் அடிவயிற்றுக்குக் கீழே சேலையோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இறக்கினாள். டாக்டர் மீனைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"எத்தினி வருசமா இருக்கு?"

"எது?"

"நீ கையால புடிச்சிக்கினு இருக்கறது."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். பிறகு பல நாள் அந்தப் பக்கமே வரவில்லை. டாக்டர் வீட்டில் கருவாடுதான். கடைசியில் ஒரு நாள் ஓ.பி. முடிகிற நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து, ஆள் எல்லாம் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, என்னிடம் வந்து மெல்லக் கேட்டாள்: "அந்தக் கிளாக்கு டாக்டரு கோவமா இருக்காங்களா?"

டாக்டர் பரிசோதித்தார். முழுசாக வெளியே வந்திருந்தது. துணியைச் சுருட்டி வைத்துக் கட்டிக்கொண்டு, அதன்மேல் கூடை சுமந்திருக்கிறாள். உராய்ந்து புண்ணாகியிருந்தது. அந்தப் புண்ணை ஆற்றுவதற்கே மருந்து நனைத்த துணி வைத்து நாங்கள் சில வாரம் பாடுபட வேண்டியிருந்தது.

ஆபரேஷன் பேச்சை எடுத்ததும் அவள் பேரம் ஆரம்பித்தாள். அவளுடைய ஓரகத்திக்கு வயிற்றைத் திறந்து செய்தார்களாம். படுக்கையில் கிடந்து எழுந்து வருவதற்குள் மார்க்கெட்டில் அவள் உட்காரும் இடத்தை வேறு ஒருத்தி பிடித்துக்கொண்டாளாம்.

"வயித்தக் கிழிக்கக் கூடாது" என்றாள்.

"கிழிக்கல. துளைதான். நாலு துளை."

"ரெண்டு போதாதா?"

"நான் ஒரு கையாலயா தைக்கறது? நாலு. அதுவும், உள்ள எதனா சிக்கல்னா தெறப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

"தெறந்தீங்கன்னா ஒங்க வூட்டுக்கு மீனு கெடையாது."

"அப்பறம் மூணு மாசம் கூடை தூக்கக் கூடாது."

"ஒண்ணு."

"மூணு."

"ஒன்றர மாசம். சங்கரா மீனும் காரப்பொடி மீனும் மட்டும், கனமில்லாம."

"மூணு மாசம். நெத்திலிகூடக் கெடையாது" என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரைக்குப் பின்னால் போய்விட்டேன்.

டாக்டர் அந்த வலைத் துண்டைக் காட்டினார். வெள்ளை வலை, உள்ளங்கை அகலம். அஞ்சலாட்சி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல எறா கூட மாட்டாது" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மாமியார் பச்சையம்மாளும் கூட வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, வெற்றிலை வாய். அவர் உள்ளே வரவே மாட்டேன் என்று வராந்தாவில் சுவரோரம் நின்றபடியே ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னார்: "பொம்பளன்னா இதெல்லாம் இருக்கறதுதான். நாங்கல்லாம் ஆசுபத்திரிக்கு ஓடனமா? ஒடம்ப டாக்டருக்குக் காட்டிக்கினு!" அஞ்சலாட்சியின் புருஷன் கோவிந்தன் கடலில் மீன் பிடிப்பவர். அவர் அம்மாவையும் எதிர்க்கவில்லை, பெண்டாட்டியையும் தடுக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் டீ வாங்கிவந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நிர்வாகத்துக்கு ஒரு ஆசை வந்தது. இந்த ஊரில் இதைச் செய்கிறோம் என்று காட்ட, சில டாக்டர்களை அழைத்துப் பக்கத்து அறையில் டிவி வைத்து ஆபரேஷனைப் பார்க்கவிடுவது. மதியம் பிரியாணியும் உண்டு. அஞ்சலாட்சியிடம் சம்மதம் கேட்கப் போனேன்.

"டிவில நா வருவனா?"

"உன் மூஞ்சி வராது. வயித்துக்குள்ள மட்டுந்தான் வரும்."

"அப்பப் பார்த்துக்கட்டும். அங்க என்ன இருக்கு, நேத்து துன்ன சோறுதான்" என்றாள்.

ஆபரேஷன் அன்று டாக்டர் உற்சாகமாகத் திட்டிக்கொண்டே வந்தார். தொப்புளில் முதல் துளை. அதன் வழியாக வாயுவை ஏற்றினால் வயிறு கூடாரம் மாதிரி எழும்பும். உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். கேமராவை நுழைத்தோம். குளிர் அறையிலிருந்து உள்ளே போனால் லென்ஸில் ஆவி படியும். அதற்கு நாங்கள் காபி ஃபிளாஸ்க் ஒன்றில் சுத்தமான சுடுநீர் வைத்திருப்போம். முக்கி, துடைத்து, மறுபடி நுழைப்போம். பக்கத்தில் மூன்று சின்னத் துளைகள். மேசையைத் தலைப்பக்கம் தாழ்த்தியதும் குடல் எல்லாம் மேலே நகர்ந்து வழி விட்டது. அறையை இருட்டாக்கி, எல்லோரும் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வலையின் ஒரு முனையைக் கர்ப்பப்பையின் கழுத்தில் தைக்க வேண்டும். மறு முனையை முதுகெலும்பு இடுப்போடு சேரும் இடத்தில், எலும்பின் மேலே வெள்ளையாக மினுக்கும் கெட்டிப் பட்டையில் தைக்க வேண்டும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வித்தை. வலது பக்கம் சிறுநீர்க் குழாய், மேலே பெரிய ரத்தக் குழாய், பட்டையின் மேலேயே மெல்லிய நாளங்கள். டாக்டர் அதை மூடியிருக்கும் உள்தோலைக் கீறி, கொழுப்பைத் துளித்துளியாக விலக்கினார். "ராஜி, கிட்ட வா. இன்னும் கிட்ட. இவ்வளவு கிட்ட இல்ல, மோந்து பாக்கவா சொன்னேன்?" வெள்ளைப் பட்டை ஓரமாகத் தெரிய ஆரம்பித்தது. பக்கத்து அறையிலிருந்து ஒலிபெருக்கி வழியாக, "பியூட்டிஃபுல் மேடம்" என்று ஒரு குரல் வந்தது.

அடுத்த நொடி திரை சிவந்தது.

என் கேமராவின் மேலேயே தெறித்து ஒன்றும் தெரியவில்லை. நான் வெளியே இழுத்து, ஃபிளாஸ்க்கில் முக்கித் துடைத்து, உள்ளே விட்டேன். கை ஆடவில்லை. அது எப்படி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. குழியில் ரத்தம் ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது.

"ராஜேஸ்வரி" என்றார் டாக்டர், மிகவும் மெல்லிய குரலில். "கொஞ்சம் அப்படியே வச்சிருக்கீங்களா? சிஸ்டர், ஒரு காஸ் துணிச் சுருள் குடுங்க. நன்றி. சம்பந்தம் சார், பேஷண்ட் எப்படி இருக்காங்கன்னு சொல்ல முடியுமா?"

சம்பந்தம் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்து நின்று நாங்கள் பார்த்ததில்லை.

"பிரஷர் நல்லாருக்கு, குளோ. ரத்தத்துக்குச் சொல்லிடட்டுமா?"

"சொல்லிடுங்க சார். வயித்தத் தெறக்கற கருவி செட்டையும் பிரிச்சு வச்சிடுங்க, ப்ளீஸ்."

துளை வழியாகத் துணிச் சுருளை இறக்கி, கருவியின் முனையால் அந்த இடத்தில் அழுத்தினார். வயிற்றுக்குள் வாயுவின் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். அதுவும் நாளத்தை அமுக்கிப் பிடிக்கும். பிறகு ஒன்றும் செய்யவில்லை. அழுத்தியபடி நின்றார். எதையாவது செய்தே ஆகவேண்டும் என்று கை பரபரக்கிற நேரத்தில் ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அன்றுதான் பார்த்தேன்.

எடுத்துப் பார்த்தார். இன்னும் கசிந்தது. திரும்ப அழுத்தினார். அடுத்த தடவை எடுத்தபோது ஓரத்தில் ஒரு சின்ன நாளம் மட்டும் கண் மாதிரி விழித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து அடைத்தார். கழுவி, உறிஞ்சி, மறுபடியும் காத்திருந்தோம். குழி காய்ந்து சுத்தமாக இருந்தது.

"அருமை மேடம்" என்றது ஒலிபெருக்கி. "இப்ப அப்படியே வலைய வச்சிடலாமே? ரத்தந்தான் நின்னுடுச்சே."

எல்லோரும் அதைப் பார்க்கத்தானே வந்திருந்தார்கள். நிர்வாகமும் அதற்குத்தான் பிரியாணி சொல்லியிருந்தது. டாக்டர் திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அட்டைப்பெட்டியும் கோழிக்காலுமாக அவர் கழித்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு ஞாபகம் வந்தன.

"நின்னிருக்கு சார். அது பக்கத்துலயே ஊசி குத்தி அத நான் திரும்ப எழுப்ப மாட்டேன்" என்றார். "முன்பக்கமா தொங்க விடறேன். அதுவும் புஸ்தகத்துல இருக்கற பழைய முறைதான். பாக்க ஆசையிருந்தா பாருங்க, இல்லன்னா சாப்புடப் போங்க."

கீறிய தோலை மூடித் தைத்தார். அதே வலையிலிருந்து நீளத் துண்டு ஒன்றை வெட்டி, கர்ப்பப்பைக் கழுத்தின் முன்பக்கம் நடுவில் தைத்தார். இரண்டு நுனிகளையும் இரண்டு பக்கமும் உள்தோலுக்கு அடியிலேயே நடத்திக் கொண்டுபோய், பக்கத் துளைகளின் வழியாக எடுத்து, வயிற்றுச் சுவரின் கெட்டியான உறையில் கட்டினார். புதிதாக ஒரு துளையும் போடவில்லை. முடிச்சுகளை வெளியே போட்டு, தள்ளுகிற கம்பியால் உள்ளே ஒவ்வொன்றாக இறக்கினார். ஊஞ்சலில் ஏற்றியது மாதிரி கர்ப்பப்பை மேலே எழும்பித் தன் இடத்தில் நின்றது. நான் அதை நடுத்திரையில் பிடித்து வைத்திருந்தேன்.

"ஏ ராஜி" என்றார் டாக்டர், "கேமரா சாயுது பார். தூங்கிட்டியா?"

அந்தத் திட்டு காதில் விழுந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பந்தம் டாக்டர் மறுபடி உட்கார்ந்தார். பக்கத்து அறையில் பாதிப் பேர் ஏற்கெனவே பிரியாணிக்குப் போயிருந்தார்கள்.

மறுநாள் டாக்டர் அஞ்சலாட்சியின் படுக்கைக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ரத்தம் வந்தது, சொன்ன முறையை விட்டது, வேறு முறையில் கட்டியது, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் முழுசும் கேட்டுவிட்டு, "தெறக்கலியே?" என்றாள்.

"தெறக்கல."

"நிக்குதா?"

"நிக்குது."

"அப்ப ஏன் மூஞ்ச இப்பிடி வச்சிருக்கீங்க?"

மூன்று மாதம் கூடை தூக்காமல் இருந்தாள். அதில் பெரும் பங்கு கோவிந்தனுடையது. எங்கள் கடலோரத்தில் ஆண்கள் மீன் பிடிப்பார்கள், தெருவில் விற்க மாட்டார்கள். அவர் கடலுக்குப் போகாத நாட்களில் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டைப் போர்த்து முகத்தை மறைத்தபடி தெருவுக்கு வந்தார். கூவ வெட்கம், மணியை மட்டும் அடிப்பார். யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் உடனே "சரிம்மா" என்றுவிடுவார். இந்தச் செய்தி ஊரெல்லாம் பரவி, சைக்கிளைச் சுற்றி ஒரே கூட்டம். டாக்டர் வீட்டில் அந்த மூன்று மாதமும் பாதி விலைக்கு வாங்கிய வஞ்சிரமாகவே இருந்தது.

பரிசோதனைக்கு வந்தபோது அஞ்சலாட்சி முதலில் அதற்குத்தான் சண்டை போட்டாள். "என் வூட்டுக்காரரு வாயில்லாத ஆளு. அவருகிட்டயா ஒங்க வீரத்தக் காட்டுவீங்க?"

டாக்டர் அவளை முக்கச் சொன்னார், இருமச் சொன்னார், குத்துக்கால் போட்டு உட்காரச் சொன்னார். ஒன்றும் இறங்கவில்லை. "சரி, எழுந்திரு" என்றார்.

அவள் எழவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். "கடைசிப் புள்ள பொறந்ததுலேருந்து இப்பிடி உக்காந்ததில்லம்மா" என்றாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். டாக்டர் ஏதோ பிரெஞ்சில் சொன்னார். துஸ்மான் இல்லை, வேறு வார்த்தை. எங்களுக்குத் தெரியாதது.

பிறகு அஞ்சலாட்சி தானே எழுந்து, கதவைத் திறந்து, வெளியே பார்த்துக் கூப்பிட்டாள்: "உள்ள வா அத்த. யாரும் இல்ல."

பச்சையம்மாள் வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்திருந்தார். மருமகளின் பக்கத்தில் நின்றுகொண்டு, முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்தினார்.

"சொல்லு அத்த. நீதான் சொல்லணும்."

"என்னாத்தச் சொல்றது" என்றார் கிழவி, சுவரைப் பார்த்து. "இவளுக்கு இருந்ததுதான்."

"எத்தினி வருசமா?" என்று கேட்டார் டாக்டர்.

பச்சையம்மாள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே வேப்பமரத்தடியில் கோவிந்தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். மீசையில் பாதி நரைத்திருந்தது.

"அவன் பொறந்ததுலேருந்து."

டாக்டர் கை கழுவப் போனார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, திரையை இழுத்துவிட்டேன்.